காசு கைமாறும் முன்: தென்னாப்பிரிக்காவில் கட்டட ஒப்பந்தக்காரரின் பதிவைச் சரிபார்க்கவும் புகார் கொடுக்கவும் முழுமையான வழிகாட்டி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மூர்ட்டன் பக்கம் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் புதிதாக எழுப்பிய இரண்டு அறை. புதுச் சுவர் பழைய வீட்டோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். மேலே ஐந்து ராண்ட் நாணயத்தின் விளிம்பு நுழைந்தது. கீழே வர வர மெலிந்து தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டது. இப்படி மேலே அகன்று கீழே ஒடுங்கினால், பெரும்பாலும் அஸ்திவாரத்தின் வெளிப்பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். சாட்ஸ்வொர்த் முழுக்கச் சரிவு நிலம். சரிவில் மண்ணைக் கொட்டி நிரப்பி, சரியாக இடித்து இறுக்காமல் அதன்மேல் அஸ்திவாரம் போட்டால் இதுதான் நடக்கும்.

அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். 1,85,000 ராண்ட் கொடுத்ததற்கு ஆதாரமாக உள்ளே நாலு சீட்டு இருந்தது. அதில் இரண்டு, சிமெண்ட் கடை பில்லின் பின்பக்கம் எழுதியவை. "நம்ம பையன்தானே தம்பி, பேப்பர் கேட்டா கோவிச்சுக்குவானோன்னு விட்டுட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவன் லைசென்சைப் பிடுங்க வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

பிடுங்க வேண்டுமானால் முதலில் அது இருந்திருக்க வேண்டும். அந்த அறைகளைக் கட்டியவரிடம் அது இல்லை. அதைவிடக் கொடுமை, அந்த வேலைக்கு அப்படி ஒரு பதிவைச் சட்டம் கேட்கவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட மேற்பார்வை பார்த்தவன் நான். நம் ஜனங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். எந்த வேலைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று தெரியாமல் காசைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு தவறான கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதல் படி: உங்கள் வேலை எந்த வகை?

ஒப்பந்தக்காரரைத் தேடும் முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் பிரியும்.

புது வீடு என்றால் பொறுப்பு தேசிய வீடு கட்டுநர் பதிவு மன்றத்துக்கு. எல்லோரும் என்.எச்.பி.ஆர்.சி. என்றுதான் சொல்கிறோம். 1998ஆம் ஆண்டின் 95ஆம் எண் சட்டம், அதாவது வீடு வாங்குவோர் பாதுகாப்புச் சட்டம், இதற்கு அதிகாரம் கொடுத்தது. இந்த மன்றத்தில் பதிவு செய்யாதவர் வீடு கட்டும் தொழில் செய்யக்கூடாது, அதற்காகப் பணமும் வாங்கக்கூடாது. மீறினால் அது குற்றம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 25,000 ராண்ட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை.

இருக்கும் வீட்டை நீட்டுவது, மாடி எழுப்புவது, சமையலறையை இடித்துக் கட்டுவது ஆகியவை 1998 சட்டத்தின் கீழ் வருவதில்லை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பகுதிகளில் நடக்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். 1960, 70களில் நகரசபை கட்டிக்கொடுத்த இரட்டை வீடுகளை மூன்று தலைமுறையாக நீட்டிக்கொண்டே வருகிறோம். நம் தெருக்களில் நடக்கும் வேலையில் பெரும்பங்குக்கு என்.எச்.பி.ஆர்.சி.யின் உத்தரவாதம் கிடையாது என்று ஆகிறது. முற்றத்தில் தனிச் சமையலறை, தனிக் குளியலறையோடு ஒரு குடும்பம் குடியிருக்கும்படி கட்டினால் அது தனி வீடாகக் கணக்காகலாம். அப்படி இருந்தால் மன்றத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது வகை அரசு வேலை: பள்ளிக்கூடம், கிளினிக், நகராட்சி மண்டபம். இதற்குக் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியம், சி.ஐ.டி.பி. அதன் சட்டம் 2000ஆம் ஆண்டின் 38ஆம் எண். அங்கே ஒப்பந்தக்காரர்களுக்கு 1 முதல் 9 வரை தரம் உண்டு. 1ஆம் தரத்தவர் 5 லட்சம் ராண்ட் வரையிலான ஒப்பந்தம் எடுக்கலாம், 4ஆம் தரத்தவர் 60 லட்சம் வரை, 9ஆம் தரத்துக்கு உச்சவரம்பு இல்லை. பக்கியின் (பிக்-அப் வண்டி) கதவில் "சி.ஐ.டி.பி. பதிவு பெற்றவர்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது அரசு டெண்டருக்கான பதிவு. உங்கள் வீட்டைக் கட்ட அது போதாது.

கோயில் கட்டும் சபைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கோயில் வீடும் அல்ல, அரசு வேலையும் அல்ல. மேலே சொன்ன இரண்டு பதிவேடுகளும் உங்களைக் காக்காது. நேட்டாலின் பழைய கோயில்கள் பலவற்றைக் கட்டியவர் பெயரே கொத்தனார் ராமசாமிப் பிள்ளை என்றுதான் வழங்கியது. அந்தக் காலத்தில் பெயரே உரிமமாக இருந்திருக்கலாம். இன்று நாலு மாடிக்கு கான்கிரீட் ஏற்றும்போது நகராட்சி அனுமதி, பதிவு பெற்ற பொறியாளர், 2014ஆம் ஆண்டின் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள் ஆகிய மூன்றும்தான் காவல். அந்த விதிகளின்படி கட்டச் சொல்லும் சபைக்கே கடமைகள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் தொழிலாளர் இழப்பீட்டு நிதியில் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறாரா என்று பார்ப்பது அதில் ஒன்று. அதற்கான கடிதத்தைக் 'குட் ஸ்டாண்டிங் லெட்டர்' என்பார்கள். அது இல்லாமல் ஒருவரை ஏற்றிவிட்டு, சாரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்தால் பொறுப்பு சபையின் தலையில் விழும்.

இரண்டாம் படி: பதிவு எண்ணைச் சரிபார்ப்பது

சான்றிதழின் நகலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. எண்ணை வாங்கி, என்.எச்.பி.ஆர்.சி.யின் இணையதளத்தில் கட்டுநர் தேடலில் போட்டுப் பாருங்கள். அல்லது அவர்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேளுங்கள். பதிவு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. மூன்று வருஷத்துக்கு முந்தைய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். இடைநிறுத்தம் செய்யப்பட்டவரும் அந்த ஃபிரேமைக் கழற்றிவைக்கப் போவதில்லை.

அடுத்து, பெயர். சான்றிதழில் இருக்கும் நிறுவனத்தின் பெயர், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயர் என மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான் பார்த்த ஏமாற்றுகளில் அதிகம் இந்த வகைதான். மைத்துனரின் பதிவு எண்ணைக் காட்டுவார், ஒப்பந்தம் தன் பெயரில் போடுவார், பணத்தை மனைவியின் கணக்குக்குக் கேட்பார்.

"எனக்குப் பதிவு இல்லை, ஆனால் எனக்குக் கீழே வேலை செய்பவருக்கு இருக்கிறது" என்று சொல்பவர்களுக்கு 2014இலேயே பதில் கிடைத்துவிட்டது. அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்குப் பதிவு இல்லை, வேலையைச் செய்த துணை ஒப்பந்தக்காரருக்குத்தான் இருந்தது. வீட்டுக்காரர் கடைசித் தவணையைக் கொடுக்க மறுத்தார். நடுவர் தீர்ப்பு கட்டுநருக்குச் சாதகமாக வந்தது. ஆனாலும் அதை நிறைவேற்ற நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பதிவு இருக்க வேண்டும்.

நீட்டிப்பு வேலையில் சரிபார்க்கப் பதிவு எண்ணே இருக்காது. அங்கே நான் செய்வது இதுதான்: அவர் இரண்டு வருஷத்துக்கு முன் முடித்த மூன்று வீடுகளின் முகவரியைக் கேட்பேன். புதிதாக முடித்த வீடு வேண்டாம், எல்லாச் சுவரும் முதல் மழை வரை அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டுக்குப் போய்க் கூரை மூலை, ஜன்னலின் கீழ் மூலை, தாங்குசுவரின் அடி இந்த மூன்றையும் பாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி போதும்: "கூப்பிட்டால் திரும்பி வந்தாரா?"

மூன்றாம் படி: ஒப்பந்தமும் தவணையும்

புது வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் சட்டப்படி கட்டாயம். இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், வரைபடமும் பொருள் விவரமும் இணைக்கப்பட வேண்டும். முறையான ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் கேட்பதே தவறு. நீட்டிப்பு வேலைக்கு இந்தச் சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். பதிவு மன்றம் இல்லாத இடத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே மன்றம் அந்தக் காகிதம்தான்.

பணத்தைத் தேதிப்படி கொடுக்காதீர்கள், வேலைப்படி கொடுங்கள். அஸ்திவாரமும் தரை ஸ்லாபும் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் கூரை மட்டத்துக்கு வந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு, பூச்சும் குழாயும் மின்சாரமும் முடிந்தால் ஒரு பங்கு. ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து, குறைகள் தீர்ந்தபின் கொடுங்கள். முன்பணம் என்று பாதித் தொகை கேட்பவருக்குத் தன் முந்தைய வேலையை முடிக்கவே உங்கள் பணம் தேவைப்படுகிறது. பொருள் வாங்கப் பணம் வேண்டுமென்றால் கடைக்கே நேராகக் கட்டிவிடுங்கள், பில் உங்கள் பெயரில் வரட்டும்.

நம்மவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும், எனக்குத் தெரியும். கோயிலில் சேர்ந்து காவடி எடுத்தவரிடம், மகளின் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறியவரிடம் ஒப்பந்தம் நீட்டுவதா? நீட்டுங்கள். நல்ல கொத்தனார் கோபித்துக்கொள்ள மாட்டார். எழுதி வைத்த காகிதம் அவரையும்தான் காக்கிறது. "நீங்கள் கேட்டது வேறு கல், வேறு ஓடு" என்று நடுவில் பேச்சு மாறும்போது அவரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

நான்காம் படி: வீட்டைப் பதிந்த பிறகே கடைக்கால்

கட்டுநர் பதிவு ஒன்று, வீட்டின் பதிவு இன்னொன்று. ஒவ்வொரு புது வீட்டையும் வேலை தொடங்க 15 நாளுக்கு முன் கட்டுநர் என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிய வேண்டும். உங்கள் ஐந்து வருஷ உத்தரவாதம் இந்தப் பதிவில்தான் பிறக்கிறது. இது இல்லாமல் வங்கி வீட்டுக்கடனும் கொடுக்கக்கூடாது.

கட்டணம் வீட்டின் விலையைப் பொறுத்தது. 5 லட்சம் ராண்ட் வரை 1.3 சதவீதம். அதற்கு மேல் 10 லட்சம் வரையுள்ள தொகைக்கு 1 சதவீதம், அடுத்து 20 லட்சம் வரை 0.75, பிறகு 50 லட்சம் வரை 0.5. 50 லட்சத்தைத் தாண்டினால் 34,000 ராண்டோடு நின்றுவிடும். 8 லட்சம் ராண்ட் வீட்டுக்கு 6,500 + 3,000, ஆக 9,500 ராண்ட். இந்தத் தொகையை உங்களிடம் வாங்கிக்கொண்டு கட்டாமலே விட்டவர்கள் உண்டு. வீட்டுப் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, உங்கள் மனையின் எண் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கடைக்கால் தோண்ட விடாதீர்கள். சுவர் எழும்பிய பிறகும் பதியலாம், ஆனால் மூடிய அஸ்திவாரத்தைத் திறந்து காட்டச் சொல்வார்கள், செலவும் கூடும்.

நீங்களே உங்களுக்காகக் கட்டிக் குடியிருப்பதானால் சொந்தக் கட்டுநர் என்று விலக்குக் கேட்கலாம். தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விலக்கு வாங்கிய வீட்டுக்கு உத்தரவாதம் கிடையாது, ஐந்து வருஷம் விற்கவும் முடியாது. சில கட்டுநர்கள் தங்களுக்குப் பதிவு இல்லாததை மறைக்க, உங்களையே இந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போட்டால் சட்டத்தின் கண்ணில் கட்டுநர் நீங்கள்தான். ஓடிப்போனவர் மேல் புகார் கொடுக்க மன்றத்தில் உங்களுக்கு இடமே இருக்காது.

மன்றத்தின் பரிசோதகர் அஸ்திவாரம், சுவர், கூரை, முடிவு என நான்கு கட்டத்திலாவது வந்து பார்க்க வேண்டும். அவர் வரும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள். அஸ்திவாரக் கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு காரியம் நீங்களே செய்யலாம். குழிக்குள் கம்பி நேராக மண்மேல் கிடக்கிறதா, அல்லது தாங்கல் வைத்துத் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மண்மேல் கிடந்தால், ஊற்றிய பிறகு அது கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும், தாங்காது. கடற்காற்றுள்ள நம் ஊரில் துருவும் சீக்கிரம் பிடிக்கும். அளவுநாடாவோடு ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

பரிசோதனையும் பதிவும் இருந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மே 6ஆம் தேதி ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 34 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடம் மன்றத்தில் பதியப்பட்டிருந்தது. அந்தப் பதிவிலேயே முறைகேடு நடந்ததைப் பிறகு வந்த விசாரணை சொன்னது. பாதுகாப்பு அதிகாரி ஆபத்தைச் சொல்லி வேலையை விட்டு விலகியும் வேலை நிற்கவில்லை, தொழிலாளர் துறைக்குத் தகவலும் போகவில்லை. அந்த 34 பேரும் யாருக்கோ அண்ணன் தம்பி, அக்கா தங்கைதான். அதனால்தான் சொல்கிறேன், அதிகாரியின் கண்ணோடு உங்கள் கண்ணும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: நகராட்சி

1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் தேசியக் கட்டட விதிகள் சட்டப்படி, நகராட்சியின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் கட்டக்கூடாது. நீட்டிப்புக்கும் இது பொருந்தும். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடமானால் 30 நாளுக்குள்ளும், பெரியதானால் 60 நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அனுமதி கிடைத்தால் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் குடியேற்றச் சான்றிதழ் வாங்காமல் குடிபுகுவதும் தவறு.

வரைபடம் போடுபவர் கட்டடக் கலைஞர் மன்றமான சகாப்பிலும், பொறியாளர் தங்கள் மன்றமான எக்ஸாவிலும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இரண்டு மன்றங்களுக்கும் நடத்தை விதிகளும் ஒழுங்கு விசாரணையும் உண்டு. பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பொறியாளர் மேல் எக்ஸாவில் புகார் கொடுக்கலாம். மின்வேலைக்கு இணக்கச் சான்றிதழ் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

அனுமதியில்லாமல் கட்டினால் நாளுக்கு 100 ராண்ட் அபராதம் என்று அந்தப் பழைய சட்டத்தில் இருக்கிறது. இதைப் பார்த்து "வீட்டைக் கட்டிவிட்டு அபராதத்தைக் கட்டிக்கொள்ளலாம்" என்பவர்கள் உண்டு. 2013 நவம்பர் 19ஆம் தேதி டொங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயப்பட்டார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி அதற்கு முன்பே நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தது. அபராதம் சிறிதானாலும் இடிக்கும் உத்தரவையும் மாஜிஸ்திரேட் போட முடியும். அனுமதியில்லாத அறை வீட்டை விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

மூர்ட்டன் அக்காவுக்கு விழுந்த இரண்டாவது அடியும் இதுதான். கட்டுநர் மேல் நகராட்சியில் புகார் கொடுக்கப் போனால், "உங்கள் அனுமதி எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. "வரைபடத்தை நான் பார்த்துக்கிறேன் அக்கா" என்று அவர் சொன்னதை நம்பியிருந்தார். வீட்டுக்காரர் என்ற முறையில் பொறுப்பு அக்காவுக்கும் இருந்தது.

ஆறாம் படி: சாவி வாங்கும் நாள்

கட்டுநர் ஒரு தாளை நீட்டுவார். எல்லாம் திருப்தி என்று நீங்கள் கையெழுத்திடும் தாள், இங்கே 'ஹேப்பி லெட்டர்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அவசரப்பட்டுப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அறை அறையாக நடந்து குறைகளைப் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பட்டியலோடு சேர்த்தே தாளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

குடிபுகுந்த நாளிலிருந்து மூன்று கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஒப்பந்தத்துக்கும் வரைபடத்துக்கும் ஒத்துவராத குறைகளுக்கு 3 மாதம். கூரை ஒழுக்குக்கு 12 மாதம். பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 வருஷம். குறையை இந்தக் கெடுவுக்குள் கட்டுநருக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதத்தை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "தை பிறக்கட்டும், வந்து பார்த்துடறேன் அண்ணா" என்று கட்டுநர் சொல்வார், கெடு போய்விடும்.

ஏழாம் படி: புகார்

முதல் கடிதம் கட்டுநருக்கு. கோபத்தை அதில் கொட்டாதீர்கள். குறை எங்கே, எந்தத் தேதியில் கண்டீர்கள், ஒப்பந்தத்தின் எந்தப் பகுதிக்கு முரண், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், இவ்வளவுதான். ஈமெயிலில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் அதே தாளைப் போடுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றைக்கே "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு விசாரணையில் நிற்காது.

அவர் அசையாவிட்டால் என்.எச்.பி.ஆர்.சி.யின் மாகாண அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஒப்பந்தம், வீட்டுப் பதிவுச் சான்றிதழ், பணம் கட்டிய ஆதாரம், கடித நகல், தேதியோடு படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். அடுத்தது சமரசம். பரிசோதகர் இரு தரப்பையும் வைத்து வீட்டைப் பார்த்து, எது கட்டுநரின் பொறுப்பு, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதுவார். அந்த அறிக்கை உங்களுக்குத் தங்கம். பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அதுதான் முன்னால் நிற்கும்.

கெடு முடிந்தும் செய்யாத கட்டுநரை மன்றம் இடைநிறுத்தலாம். அதன்பின் அவர் புது வீடுகளைப் பதிய முடியாது, அதாவது புது வேலை எடுக்க முடியாது. மேலே போனால் ஒழுங்கு விசாரணைக் குழு. குற்றம் மெய்யானால் எச்சரிக்கை, அபராதம், பதிவை ரத்து செய்வது என்று தண்டனை போகும். சி.ஐ.டி.பி.யிலும் நடத்தை விதிகள் இருக்கின்றன. டெண்டரில் பொய்த் தாள் கொடுத்தவர் மேல் விசாரணை நடத்தி, அபராதம் போட்டு, அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கி வைக்க அதற்கு அதிகாரம் உண்டு.

விசாரணைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால் போங்கள். புகார் கொடுத்தவர் வராததால் நின்றுபோன விசாரணையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுநர் அடுத்த மாதமே அடுத்த தெருவில் கடைக்கால் தோண்டினார்.

எட்டாம் படி: உங்கள் பணம் வேறு பாதை

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒழுங்கு விசாரணை கட்டுநரைத் தண்டிக்கிறது. அந்த அபராதத்தில் ஒரு சென்ட் கூட உங்களுக்கு வராது. பதிவு ரத்தானால் மனசு ஆறும், விரிசல் மூடாது. சில சமயம், பதிவு போனபின் கட்டுநருக்கு வந்து சரிசெய்யும் காரணமே இல்லாமல் போய்விடும். ஆகவே சரிசெய்யவைக்கும் வேலையையும் பணத்தைக் கேட்கும் வேலையையும் புகாரோடு சேர்த்தே நடத்துங்கள், அது முடியட்டும் என்று காத்திராதீர்கள்.

பதிந்த வீட்டில் ஐந்து வருஷத்துக்குள் பெரிய கட்டமைப்புக் குறை வந்து, கட்டுநர் காணாமல் போனாலோ செய்ய வக்கில்லாமல் போனாலோ, மன்றத்தின் உத்தரவாத நிதி சரிசெய்யும். ஓடு பெயர்ந்தது, பெயிண்ட் உரிந்தது இதில் வராது.

நீட்டிப்பு வேலைக்கு 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 54ஆம் பிரிவின்படி, தரமில்லாத சேவையைச் சரிசெய்யச் சொல்லவும் அல்லது நியாயமான பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றம் போதும். அங்கே வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம். 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நட்டம் அதற்கு மேல் இருந்தாலும் மிச்சத்தை விட்டுக்கொடுத்து இங்கே வரலாம். பெரிய தொகைக்கு மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2 லட்சம் வரை, மண்டல நீதிமன்றம் 4 லட்சம் வரை. பொதுவாக மூன்று வருஷத்தில் உரிமை காலாவதியாகிவிடும். மன்றத்தில் புகார் கிடக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது.

தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு

பதிவு செய்துகொள்ளுங்கள். நிறுவனத் தாள், வரித் தாள், தொழில்நுட்ப அறிவுச் சோதனை என்று அலைச்சல்தான், ஆனால் வங்கிக் கடனில் கட்டும் வீட்டு வேலை பதிவில்லாதவருக்குச் சட்டப்படி கிடைக்காது. உங்கள் எண்ணை அண்ணனுக்கோ மாமனுக்கோ இரவல் கொடுக்காதீர்கள். அவர் விட்ட விரிசலுக்கு விசாரணைக்கு நிற்கப்போவது நீங்கள். உங்கள் மேல் புகார் வந்தால் கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். குற்றச்சாட்டை அறிந்து, உங்கள் பக்கத்தைச் சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவுக்கான காரணத்தை 90 நாளுக்குள் எழுத்தில் கேட்கலாம். மறு ஆய்வுக்கு, தாமதிக்காமலும் 180 நாளுக்கு மிகாமலும் நீதிமன்றம் போகலாம்.

2024 சட்டம்

2024இல் அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட 25ஆம் எண் வீட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1998 சட்டத்தின் இடத்துக்கு வருவதற்காக இயற்றப்பட்டது. நீட்டிப்பும் புதுப்பிப்பும் அதில் அடங்கும், தண்டனையும் கடுமையாகியிருக்கிறது. நடைமுறைக்கு வரும் தேதியை அரசு அறிவிப்புதான் தீர்மானிக்கும். ஒப்பந்தம் போடும் வாரத்தில் என்.எச்.பி.ஆர்.சி.க்கு ஃபோன் செய்து, உங்கள் வேலைக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று கேட்டுவிடுங்கள்.

மூர்ட்டன் அக்கா சிறு வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போனார். 1,85,000க்கு 20,000 என்பது நியாயமே இல்லை. ஆனால் கட்டுநரிடம் பக்கியைத் தவிர ஒன்றும் இல்லை, வக்கீலுக்குக் கொடுக்க அக்காவிடமும் இல்லை. தீர்ப்பு வந்தது, தவணையாகப் பணம் வருகிறது. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து அஸ்திவாரத்தின் வெளி மூலைக்கு அடியில் கான்கிரீட் தாங்கல் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாயிற்று. உள்ளதை உள்ளபடி காட்டும் வரைபடம் நகராட்சியில் இருக்கிறது. விரிசலின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டர் பூசி, அதன்மேல் ஆணியால் தேதி கீறி வைத்தேன். சுவர் மறுபடி அசைந்தால் முதலில் அந்தப் பூச்சு வெடிக்கும். அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிவிட்டு அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்கிறார். இதுவரை வெடிக்கவில்லை.